அப்பாவின் ரயிலும் மாமாவின் ரயிலும்

மதுரையிலிருந்து எழும்பூர் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். பாண்டியன் எக்ஸ்பிரஸில் அப்பாவுக்கு அது நான்கு நாள் பயணம். மாமாவுக்கு ஒரு ராத்திரி. வண்டி என்னவோ ஒன்றுதான். மறுநாள் காலை இருவரும் ஒரே பிளாட்பாரத்தில் ஒரே நிமிடத்தில் இறங்குவார்கள். அது இருவருக்குமே பிடிக்காது. இத்தனை பாடுபட்டும் இவனுக்கு முன்னால் போய்ச் சேர முடியவில்லையே என்று அப்பாவுக்கு. ஒரு பாடும் படாமல் வந்து சேர்ந்ததை யாரும் மெச்சவில்லையே என்று மாமாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டி என்றால் வியாழக்கிழமையே பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கிவிடும். அதற்குத் திண்டுக்கல் பூட்டு. பூட்டுக்கு இரண்டு சாவி: ஒன்று அப்பாவின் அரைஞாணில், இன்னொன்று அம்மாவின் முந்தானை முடிச்சில். பெட்டியைப் படுக்கைக்கு அடியில் தள்ளிக் கட்டிவைக்கச் சங்கிலி. சங்கிலிக்கு இன்னொரு பூட்டு. ஹோல்டால், கூஜா, காற்றடைக்கும் ரப்பர் தலையணை, டார்ச் லைட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, அனாசின், அமிர்தாஞ்சனம், ஊசி நூல், பிஸ்கட் டின், ஒரு பொட்டலம் சுக்கு. சென்னையில் சித்தப்பா வீட்டில் இரண்டு நாள் தங்கத்தான் இவ்வளவும்.

டிக்கெட் அதற்கும் வெகு முன்னால், முன்பதிவு திறந்த அன்றே வாங்கியாகியிருக்கும். கம்ப்யூட்டர் வராத காலம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் பேரேடு இருக்கும். கவுண்ட்டருக்குள் இருப்பவர் அதைப் புரட்டி, பெயரை எழுதி, பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் பேனாவால் குறித்துத் தருவார். அந்த எண்களை அப்பா மூன்று இடத்தில் எழுதிவைப்பார்: தன் டைரியில், சுவர்க் காலண்டரில், அம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டில். டிக்கெட் தொலைந்தாலும் எண் இருக்கும். டிக்கெட் தொலைந்த பிறகு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பரஸ்தானம். பெட்டிகளில் ஒன்று வீட்டை விட்டுக் கிளம்பி எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்படி வைத்துவிட்டால் மறுநாள் ராகுகாலத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை என்பார்கள். அப்பா பரஸ்தானமும் வைப்பார், ராகுகாலமும் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு. ஆறுக்கு மேல் கிளம்பினாலே தாராளமாகப் போய்ச் சேரலாம். ஆனால் ஆறுக்குப் பிறகு ரிக்‌ஷா பஞ்சராகலாம், ஏதாவது கட்சி ஊர்வலம் வரலாம், தேர் வரலாம். ஆகவே நாலு மணிக்கே புறப்பாடு. எங்கள் வீடு இருந்தது மேலமாசி வீதிப் பக்கம். மதுரை ஜங்ஷனுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தனை மணி நேரம் ஸ்டேஷனில் அப்பா என்ன செய்தார் என்று கேட்டால், வாழ்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எடை பார்க்கும் இயந்திரத்தில் எல்லாரையும் ஏற்றுவார். அது துப்பும் அட்டையில் இருக்கும் ஜோசியத்தைச் சத்தமாகப் படிப்பார். ஹிக்கின்பாதம்ஸ் கடையில் தென்னக ரயில்வே கால அட்டவணையைப் புரட்டி, நாங்கள் போகாத ஊர்களுக்குப் போகும் வண்டிகளையெல்லாம் விசாரிப்பார். கூஜாவில் தண்ணீர் பிடித்துவிட்டு, எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது என்பதை மற்றவர்களுக்கும் அறிவிப்பார். அப்புறம் சார்ட் ஒட்டுவார்கள். அதுதான் அப்பாவின் உச்சகட்டம். கார்பன் தாளில் மங்கலாக விழுந்திருக்கும் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வந்துவிட மாட்டார். பெட்டி முழுவதையும் படிப்பார். அறுபத்தேழு வயது ஆண், அறுபது வயது பெண், அடுத்த வரியில் இருபத்துநாலு வயதுப் பெண். “பொண்ணைப் புருஷன் வீட்டுல விடப் போறாங்க” என்று அம்மாவிடம் அறிவிப்பார். வண்டி கிளம்பியதும் பேச்சுக் கொடுத்து அதைச் சரிபார்ப்பார். பல தடவை சரியாகவே இருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். அவருக்கான டிக்கெட்டும் பெரும்பாலும் அப்பா எடுத்ததுதான். அதனால் அது அப்பாவின் பையில் இருக்கும், மாமா வீட்டில் இருப்பார். கார்டு பச்சை விளக்கைத் தூக்கும்போது பிளாட்பாரத்தின் மறுகோடியில் ஒரு மஞ்சள் பை தெரியும். அதற்குப் பின்னால் மாமா. ஓடிவருவார் என்று சொன்னால் பொய். வேகமாக நடந்து வருவார், அவ்வளவுதான். மீட்டர்கேஜ் வண்டி கிளம்பும் விதத்தில் ஓர் இங்கிதம் இருந்தது. போகலாமா, இன்னும் யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டே நகரும். அதற்குள் பை உள்ளே விழும், பிறகு மாமா. வாசலில் நின்று வியர்த்து வழிந்துகொண்டிருப்பவர் அப்பாதான்.

“முன்னாடியே ஏறி உக்காந்தா வண்டி முன்னாடியே போயிருமாத்தான்?”

“விட்டிருந்தா என்ன மாப்ளே செய்வே?”

“அடுத்தது வருது. அதுவும் எழும்பூருக்குத்தானே போகுது?”

இதற்கு அப்பாவிடம் பதில் இருந்ததில்லை. திண்டுக்கல் வரும்வரை பேச மாட்டார். ராத்திரி முழுக்க டிரங்குப் பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து பார்ப்பார். கால அட்டவணையில் போட்டிருப்பதற்கும் கைக்கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டைரியில் குறித்துக்கொள்வார். மாமா தன் படுக்கையை யாராவது வயதானவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் தினத்தந்தியை விரித்து விழுப்புரம் வரை அசங்காமல் தூங்குவார். டி.டி.ஆர். அவரைத் தாண்டிப் போவாரே தவிர எழுப்ப மாட்டார்.

அம்மாவுக்கு ஒருவர் புருஷன், ஒருவர் தம்பி. யாருடைய பக்கமும் பேசி நான் கேட்டதில்லை. இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி, நல்லெண்ணெய் விட்டு, வாழையிலையில் கட்டுவாள். நாங்கள் நாலு பேர், பொட்டலம் ஐந்து. மாமா வருகிறேன் என்று சொன்னாலும் ஐந்து, வரவில்லை என்று சொன்னாலும் ஐந்து. ஏனென்றால் வரவில்லை என்று சொன்னவர் வழியனுப்ப வந்த இடத்தில், “சரி, நானும் போயிட்டுத்தான் வரேனே” என்று ஏறிவிடக் கூடியவர். ஐந்தாவது பொட்டலத்தைப் பற்றி அப்பா கேட்க மாட்டார், அம்மாவும் சொல்ல மாட்டாள். வராத நாளில் அது எனக்குத்தான்.

ஓர் ஐப்பசி மாதம் சென்னையில் கல்யாணம். அடைமழை. விருத்தாசலத்துக்கு அப்பால் ஏதோ ஓரிடத்தில் நடுராத்திரி வண்டி நின்றது. பாதையில் தண்ணீர். எப்போது கிளம்பும் என்று கார்டுக்கே தெரியவில்லை. விளக்கு மங்கி அணைந்தது. அப்பா டார்ச்சை எடுத்துக் கால அட்டவணையை விரித்து, இப்போது கிளம்பினால் எழும்பூர் எத்தனை மணி, அரைமணி கழித்துக் கிளம்பினால் எத்தனை மணி என்று கணக்குப் போட ஆரம்பித்தார். ஒவ்வோர் அரைமணிக்கும் புதுக் கணக்கு. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. கணக்கு எங்கோ பதினொன்றில் போய் நின்றபோது அவருக்குக் கை நடுங்கியது. அவ்வளவு முன்யோசனையும் செய்த மனிதர், செய்ய ஒன்றுமில்லாத இருட்டில் என்ன செய்வது என்று மட்டும் யோசித்து வைத்திருக்கவில்லை.

மாமா விழித்துக்கொண்டது அப்போதுதான். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். அதற்குள் பெட்டியில் யாருக்கு என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது தடுப்பில் கைக்குழந்தைக்குப் பாலில்லை, அடுத்ததில் ஒரு பெரியவருக்குத் தலைவலி, கோடியில் ஒரு பாட்டிக்கு இருட்டென்றால் பயம். அப்பாவின் பெட்டியை அவரே திறந்தார் (சாவி அம்மாவின் முந்தானையிலிருந்து வந்தது). மெழுகுவர்த்தி பாட்டிக்குப் போயிற்று. அனாசின் பெரியவருக்கு. பிஸ்கட் டின் கைமாறிக் கைமாறிப் பெட்டியின் மறுகோடிக்கே போயிற்று. “யாரைக் கேட்டு எடுத்துக் குடுக்குறான்?” என்று அப்பா அம்மாவிடம் சீறினார். மாமா ஒரு தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தூரத்தில் தெரிந்த ஒற்றை விளக்கைப் பார்த்து மழையில் இறங்கினார். அப்பா ஒரு கணம் பேசாமல் நின்றார். பிறகு டார்ச்சை நீட்டினார். “பேட்டரி புதுசு. வழி பாத்துப் போ.”

பால் வந்தது. கூடவே கருப்பட்டிக் காப்பியும், அந்த வீட்டுக்காரரும். விடியும்வரை அவர் எங்கள் பெட்டியில்தான் உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது போய்ச் சேர்ந்தோம். மாமாவின் பிரதாபம் பந்தியெங்கும் பேசப்பட்டது. மெழுகுவர்த்தியும் பிஸ்கட்டும் யார் பெட்டியிலிருந்து வந்தன என்பதை ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பயணத்திலிருந்து பிஸ்கட் டின் இரண்டாகி, மெழுகுவர்த்தி அரை டஜனாகிவிட்டது. அவை யாருக்காக என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாமாவைப் புகழ்ந்து எழுதுவது சுலபம். அவரோடு குடித்தனம் நடத்திய அத்தையிடம் கேட்டால் வேறு கதை வரும். நேர்முகத் தேர்வுக்கு மறுநாள் போய் நின்றது, பள்ளிக்கூடப் பணம் கட்டக் கடைசித் தேதி தாண்டியது, இன்ஷூரன்ஸ் பாலிசி காலாவதியானது. அந்தப் பட்டியல் நீளம். பணம் கட்டும் கடைசி நாளில் அத்தை வந்து நின்றது எங்கள் வீட்டு வாசலில்தான். மாமாவின் சுதந்திரத்துக்கு அப்பாவின் டிரங்குப் பெட்டிதான் ஜாமீன். அதே சமயம், மாமா வராத பயணங்களில் அப்பா யாரோடும் ஒரு வார்த்தை சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை என்பதும் நிஜம்.

பிறகு காலம் மாறியது. 1990களின் கடைசியில் எங்கள் பக்கம் அகலப்பாதை வந்தது, இங்கிதம் போயிற்று. வண்டி எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடித்தது. மாமாவுக்கும் முட்டி வலி ஆரம்பித்திருந்தது. இதற்கு நடுவில், 1997இல், ரயில்வே தட்கல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அப்பா அதைக் கொள்கை ரீதியாக எதிர்த்தார். கடைசி நேரத்தில் வருகிறவனுக்கென்று அரசாங்கமே இடம் ஒதுக்கி வைத்தால், முன்னாடியே வந்து நின்றவன் மடையனா என்பது அவர் வாதம். மாமாவுக்காகவே யாரோ டெல்லியில் உட்கார்ந்து சட்டம் போட்டதாக வெகுநாள் நம்பினார்.

தட்கலை இன்று பார்த்தால் அப்பா மனம் மாறியிருப்பார். குளிர்சாதன வகுப்புக்குக் காலை பத்து மணி, மற்றதற்குப் பதினொன்று. ஒரு நிமிடம் பிந்தினால் வெயிட்டிங் லிஸ்ட். 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்ப்பும், போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் சேர்ந்துகொண்டன. பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே நிரப்பி, பணம் கட்டும் வழியைத் தயாராக வைத்து, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே திரைமுன் மூச்சைப் பிடித்து உட்காருகிறவருக்குத்தான் டிக்கெட். கடைசி நேரத்துக்காரர்களுக்காக வந்த ஏற்பாட்டில் இப்போது முன்கூட்டியே வருகிறவர்கள்தான் ஜெயிக்க முடிகிறது. அப்பாவின் மகள், அதாவது என் தங்கை, ஒரு தடவைகூட தட்கலில் டிக்கெட் எடுத்ததில்லை. பத்தேகாலுக்குக் காப்பியோடு வந்து உட்காருவாள். மாமாவின் மகள் எடுக்காமல் விட்டதில்லை. இரண்டு போன், ஒரு லேப்டாப், பக்கத்தில் நொடிமுள் ஓடும் கடிகாரம். ரத்தம் எங்கே எப்படிப் பாய்கிறது என்று சொல்ல முடியவில்லை. அப்பா படபடத்ததைப் பார்த்து வளர்ந்த பெண் நிதானமாகிவிட்டாள். மாமாவால் எல்லாக் கடைசித் தேதிகளையும் தவறவிட்டு வளர்ந்த பெண், தேதிகளின் மேலேயே குடியிருக்கிறாள்.

2015 ஏப்ரலில் முன்பதிவுக் காலத்தை 60 நாளிலிருந்து 120 நாளாக்கினார்கள். அப்பா அதைத் தனக்குக் கிடைத்த விருதாகவே எடுத்துக்கொண்டார். பிரயாணம் செய்கிற உடம்பில்லை. என்றாலும் நாலு மாதம் கழித்து எங்காவது போகலாமா என்று அடிக்கடி கேட்பார். 2018இல் பெட்டிகளில் சார்ட் ஒட்டுவதை நிறுத்தத் தொடங்கினார்கள். 2024 நவம்பரில் 120 நாள் மறுபடி 60 ஆனது. இந்த இரண்டையும் பார்க்க அவர் இல்லை. மாமா இருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது.

மாமா மகள் கோயம்புத்தூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தார்களாம். நட்சத்திர ஓட்டல், பஃபே சாப்பாடு. தலைப்பு, மனிதர்களின் வேற்றுமைகளை மதிப்பது. ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, ஆளுக்கு நாலு எழுத்து கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் பதினாறு ரகமாம் மனிதர்கள். திட்டம் போட்டு வாழ்கிறவர்களுக்குக் கடைசியில் ஓர் எழுத்து, வருவது வரட்டும் என்கிறவர்களுக்கு இன்னோர் எழுத்து. எனக்கு ஆர்வம் பிடித்து அந்தச் சோதனையின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். மயர்ஸ்–பிரிக்ஸ் என்று பெயர். உருவாக்கியவர்கள் அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும்: காதரின் பிரிக்ஸ், இசபெல் மயர்ஸ். இருவரும் மனவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. மனவியலாளர்கள் பலர் இன்றுவரை அதைப் பெரிதாக நம்புவதும் இல்லை. எல்லாம் 1917 வாக்கில், மகள் கட்டிக்கொள்ளப்போகும் பையன் வீட்டுக்கு வந்ததில் தொடங்கியிருக்கிறது. இவன் நம் வீட்டார் மாதிரி யோசிக்கவில்லையே, வேறு மாதிரி இருக்கிறானே என்று அந்த அம்மாளுக்கு ஆச்சரியம். அதிலிருந்துதான் ஆராய்ச்சி. வரப்போகும் மாப்பிள்ளை பிடிபடாமல் திகைத்த ஒரு மாமியாரின் குழப்பத்துக்கு உலகம் முழுக்க நிறுவனங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஊரில் அது திண்ணைப் பேச்சிலேயே செலவாகிவிட்டது.

பயம் என்று மாமா கேலி செய்த அப்பாவின் குணத்துக்கு இப்போது ‘பிளானிங்’ என்று பெயர், அதற்கு வகுப்புகள் நடக்கின்றன. பொறுப்பில்லாதவன் என்று அப்பா திட்டிய மாமாவின் குணத்துக்கு ‘இந்தக் கணத்தில் வாழ்வது’ என்று பெயர். அதற்கும் வகுப்புகள் உண்டு, கட்டணம் கொஞ்சம் கூடுதல்.

சமீபத்தில் மதுரைக்குப் போய்விட்டு, திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வரும் வந்தே பாரத்தில் திரும்பினோம். 2023 செப்டம்பரில் விட்ட வண்டி. இரவெல்லாம் போன தூரத்தைக் காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் முடித்துவிடுகிறது. மதுரையில் நிற்பதே சில நிமிடங்கள்தான். மாமா வழியனுப்ப வருவதாகச் சொல்லியிருந்தார். வண்டி வந்து, நாங்கள் ஏறி உட்கார்ந்து, கிளம்பும் நேரமும் நெருங்கிவிட்டது. எண்பதை நெருங்கும் மாமா பிளாட்பாரத்தில் தெரிந்தார், கையில் என் மனைவிக்கு ஒரு பந்து மல்லிகை. ஜன்னல் திறக்காத வண்டி. ஆகவே பூவைக் கொடுக்க உள்ளே ஏறினார். கொடுத்தார். “வண்டின்னா இது வண்டி” என்று நாற்காலியைத் தட்டிப் பார்த்தார். கதவு தானாக மூடிக்கொண்டது.

இது புதிதல்ல. 2023 ஜனவரியில் ராஜமுந்திரியில் செல்ஃபி எடுக்க ஏறிய ஒருவர் விஜயவாடா வரை போக நேர்ந்த கதை செய்தியாகவே வந்தது. ஆனால் அவர் கலங்கிப்போனார். மாமா காலியாகக் கிடந்த ஓர் இருக்கையில் உட்கார்ந்து, “அடுத்து எங்க நிக்கும்?” என்றார். திண்டுக்கல் என்றேன். “நல்லதாப் போச்சு. பாத்து ரொம்ப நாளாச்சு.” டிக்கெட் பரிசோதகர் வந்தார். நான் எழுந்து விளக்கம் சொல்லத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அந்தப் பரிசோதகரின் சொந்த ஊர் சோழவந்தான் என்பதை மாமா தெரிந்துகொண்டுவிட்டார். அபராதம் அபராதம்தான், கட்டினோம். ஆனால் காப்பி மட்டும் மாமாவுக்கும் வந்தது.

அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து போன். மாமாவின் போன் எங்கே இருக்கிறது என்பதை மாமா மகள் தன் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பவள்.

“அத்தான், அப்பா கொடைரோட்டைத் தாண்டிட்டாரு! மணிக்கு நூறு கிலோமீட்டர்ல போறாரு!”

விவரம் சொன்னேன். அவள் பதறவில்லை. நாங்கள் பேசி முடிப்பதற்குள் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு அடுத்த வண்டி எது என்று பார்த்து, கரண்ட் புக்கிங்கில் இருக்கை போட்டு, டிக்கெட்டை என் போனுக்கும் அவர் போனுக்கும் அனுப்பி, எந்த நடைமேடை என்பதையும் எழுதிவிட்டாள். மாமாவை இறக்கிவிட்டோம். கையசைத்தார். வண்டி கிளம்பியது.

திருச்சியை நெருங்கும்போது அவளே மறுபடி கூப்பிட்டாள். மாமா ரயிலில் ஏறவில்லையாம். ஸ்டேஷன் வாசலில் யாரோ பேச்சுக் கொடுத்து, பேச்சு பஸ் ஸ்டாண்டு வரை போய், இப்போது அந்த ஆளோடு பஸ்ஸில் வாடிப்பட்டியைத் தாண்டிக்கொண்டிருக்கிறாராம். வண்டி கிளம்ப ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்பதையும் எனக்கு விளக்கினாள். குரலில் கோபமில்லை. ஏதோ குறித்துக்கொள்வது கேட்டது.

“அடுத்த தடவை எப்ப வாறீக?” என்றாள். தை மாசம் என்றேன். “சரி, அப்ப அப்பாவுக்கும் திண்டுக்கல் வரைக்கும் ஒரு டிக்கெட் சேத்துப் போட்டுருங்க அத்தான். வழியனுப்பத்தான் வாரேன்னு சொல்வாரு. சொன்னாலும் போட்டுருங்க.”